மரபணு மென்பொருள்: விடையை நம்பலாமா?

உயிரியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு இருந்த இடத்தில் இன்று மென்பொருளும் இருக்கிறது. டிஎன்ஏவை வாசிக்கும் இயந்திரம் ஒரு மனிதரின் மரபணுத் தொகுதியை முதலிலிருந்து கடைசிவரை ஒரே தொடராக வாசித்துத் தருவதில்லை. பரவலாகப் பயன்படும் இயந்திரங்கள் நூறு, நூற்றைம்பது எழுத்து நீளமுள்ள கோடிக்கணக்கான துண்டுகளைக் கொட்டுகின்றன. அந்தத் துண்டுகளை முன்மாதிரி வரிசையோடு பொருத்துவதும், எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று காண்பதும், அந்த மாற்றம் நோயோடு தொடர்புடையதா என்று தரவுத்தளங்களில் தேடுவதும் மென்பொருளின் வேலை. இந்த மென்பொருள்களில் எதைச் செய்வது, யாருக்காகச் செய்வது, எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது, எப்போது கடையை மூடுவது என்று முடிவெடுக்கும் பணிதான் உயிர்தகவலியல் மென்பொருள் மேலாண்மை. மருந்து நிறுவனங்களில் இதற்கென்றே புராடக்ட் மேனேஜர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அப்படியொரு பதவியே கிடையாது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தன் தேவைக்கு எழுதிய நிரல் பிறருக்கும் பயன்பட்டு, பரவி, ஒரு கட்டத்தில் உலகமே நம்பியிருக்கும் கருவியாகிவிடுகிறது.

ரயில் முன்பதிவுத் தளம் பழுதானால் பயணிக்கு உடனே தெரிந்துவிடும், டிக்கெட் வராது. ஆய்வு மென்பொருள் பழுதானாலும் விடை வரும். அது எண்ணாகவோ வரைபடமாகவோ புரதத்தின் முப்பரிமாணப் படமாகவோ, பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கும். சரியான விடை முன்பே தெரிந்திருந்தால் ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது என்பதால், வந்த விடை தவறு என்று கண்டுபிடிக்க ஆளில்லாமல் போகிறது. இந்தத் துறையின் மற்றச் சிக்கல்கள் பலவும் இதிலிருந்து கிளைப்பவை.

இடம் மாறிய நெடுவரிசைகள், சரிந்த ஆய்வுகள்

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் நடந்தது இதற்கு மிகக் கசப்பான சான்று. செல்லின் சவ்வில் அமர்ந்து பொருள்களை வெளியே தள்ளும் எம்எஸ்பிஏ என்ற புரதத்தின் அமைப்பை அங்கிருந்த குழு 2001இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்ப்பதையும் புற்றுநோய்ச் செல்கள் மருந்துக்கு மசியாததையும் புரிந்துகொள்ள இத்தகைய புரதங்கள் முக்கியமானவை. தொடர்ந்து மேலும் சில கட்டுரைகள் வந்தன. 2006இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் அமைப்பை வெளியிட்டபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்ததில், ஆய்வகத்தில் பயன்படுத்திவந்த ஒரு சிறு நிரல் தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது தெரிந்தது. அதனால் அமைப்பே கண்ணாடி பிம்பம்போல இடவலமாகத் திரும்பியிருந்தது. மூன்று 'சயின்ஸ்' கட்டுரைகள் உள்பட ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நிரல் ஒருமுறைகூட நின்றுபோகவில்லை, எச்சரிக்கவும் இல்லை. அந்த அமைப்பை நம்பி வேறு ஆய்வகங்கள் செலவிட்ட ஆண்டுகளுக்குக் கணக்கே கிடையாது.

விடை தெரிந்த பழைய தரவை அந்த நிரலில் ஓட்டிப் பார்த்திருந்தால் நெடுவரிசைகள் இடம் மாறுவது தெரிந்திருக்கும். இந்தத் துறையில் நல்ல மேலாண்மையின் முதல் கடமை, நிரலின் விடையை நிரலுக்கு வெளியே உள்ள அறிவால் சோதிக்க வழி செய்து வைப்பது. அத்தகைய சோதனைகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்று சென்னையில் பிறந்தது. ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் செய்து 1963இல் வெளியிட்ட கணக்கு, புரதச் சங்கிலியின் பிணைப்புகள் எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று வரைபடமாகக் காட்டியது. இன்று புதிய புரத அமைப்பு எதை உலகத் தரவுத்தளத்தில் சேர்த்தாலும், அதன் கோணங்கள் ராமச்சந்திரன் வரைபடத்தின் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் விழுகின்றனவா என்று மென்பொருள் சரிபார்த்து அறிக்கை தருகிறது. கணினி ஆய்வகங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்துக் கணக்கு, அறுபது ஆண்டுகள் கடந்தும் கணினியின் விடைக்குக் காவலாக நிற்கிறது.

மரபணு மாற்றங்களைக் கண்டறியும் மென்பொருள்களுக்கு அத்தகைய உரைகல் வெகுகாலம் இல்லை. ஒரே தரவை இரண்டு மென்பொருள்களிடம் கொடுத்தால் இரண்டு பட்டியல்கள் வரும். எது சரி என்று சொல்ல எவராலும் முடியாது. எடை, அளவு ஆகியவற்றுக்குத் தரம் நிர்ணயிக்கும் அமெரிக்க நிறுவனமான நிஸ்ட், ஒரு மனிதரின் டிஎன்ஏவைப் பல முறைகளில் திரும்பத் திரும்ப ஆராய்ந்து, எங்கெங்கே மாற்றம் உண்டு என்பதை உறுதிப்படுத்தி 2015இல் அதைத் தர மாதிரியாக வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் மென்பொருளின் புதிய பதிப்பு பழையதைவிட மேலானதா என்ற கேள்விக்கு எண்களால் விடை சொல்ல முடிந்தது.

பிளாஸ்ட் கற்றுத் தந்தவை

வடிவமைப்பு முடிவு ஒன்று ஒரு துறையையே மாற்றியதற்குப் பிளாஸ்ட் சான்று. புதிதாகக் கண்ட மரபணு வரிசை, ஏற்கெனவே தெரிந்த எந்த வரிசையை ஒத்திருக்கிறது என்று தேடும் மென்பொருள் அது. ஆல்ட்ஷுல், கிஷ், மில்லர், மையர்ஸ், லிப்மன் ஆகிய ஐவர் 1990இல் வெளியிட்டனர். இரண்டு வரிசைகளின் மிகச் சிறந்த பொருத்தத்தைத் தப்பாமல் காணும் ஸ்மித்-வாட்டர்மன் முறை 1981 முதலே இருந்தது. ஆனால் வளர்ந்துகொண்டே போகும் தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிசையோடும் அப்படி ஒப்பிட அன்றைய கணினிகளுக்கு நேரம் போதவில்லை. பிளாஸ்ட் சிறு துண்டுகளில் ஒற்றுமை தென்படும் இடங்களை மட்டும் பிடித்து அங்கிருந்து நீட்டிப் பார்க்கிறது. தூரத்து உறவுகள் சில தப்பிப் போகலாம். ஆனால் விடை வேகமாக வரும்.

வேகத்தைவிட முக்கியமானது இன்னொரு முடிவு. ஒவ்வொரு பொருத்தத்தோடும் 'ஈ மதிப்பு' என்ற எண்ணையும் பிளாஸ்ட் தருகிறது. இவ்வளவு நல்ல பொருத்தம் இந்த அளவுள்ள தரவுத்தளத்தில் வெறும் தற்செயலாக எத்தனை முறை வரக்கூடும் என்பதே அந்த எண். ஆக, விடையை எவ்வளவு நம்பலாம் என்பதும் விடையோடு சேர்ந்தே வருகிறது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 அறிவியல் கட்டுரைகளை 2014இல் 'நேச்சர்' இதழ் பட்டியலிட்டபோது, பிளாஸ்டைப் பற்றிய இரண்டு கட்டுரைகள் முதல் பதினைந்து இடங்களுக்குள் இருந்தன.

அவ்வளவு பெரிய வெற்றிக்கும் ஒரு பின்குறிப்பு உண்டு. பிளாஸ்டில் எத்தனை பொருத்தங்கள் வேண்டும் என்று குறிப்பிட ஓர் அமைப்பு இருக்கிறது. அதில் 1 என்று கொடுத்தால் மிகச் சிறந்த ஒன்று கிடைக்கும் என்று நம்பியே ஆய்வாளர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் நிரல்கள் எழுதிவந்தனர். அந்த எண் தேடலின் நடுவிலேயே செயல்படுவதால், கிடைக்கும் ஒன்று எப்போதும் மிகச் சிறந்ததாக இருக்கும் என்ற உறுதி இல்லை என்று 2018இல் ஒரு குழு எழுதியது. பிளாஸ்டைப் பராமரிக்கும் அமெரிக்க நிறுவனமான என்சிபிஐ, அக்குழு காட்டிய எடுத்துக்காட்டை ஆராய்ந்து, அதில் ஒரு நிரல்பிழையும் இருந்ததாகக் கண்டு, அதே ஆண்டின் கடைசிப் பதிப்பில் திருத்தியது. ஐந்துக்குக் குறைவான எண்ணைக் கொடுத்தால் இப்போது எச்சரிக்கை வருகிறது. கையேட்டில் எழுதியிருப்பதைவிட, அந்த அமைப்பின் பெயரைப் பார்த்துப் பயனர் என்ன எண்ணிக்கொள்வார் என்பதே அதிகம் வேலை செய்கிறது. பெயர் வைப்பதும் இங்கே அறிவியல் பொறுப்புதான்.

பயனர் இருக்கும் இடம்

உயிரியலாளர்கள் பெரும்பாலானோருடைய மேசையில் கடைசியில் திறந்திருப்பது எக்செல். எவ்வளவு நுட்பமான மென்பொருளின் விடையும் ஒரு கட்டத்தில் எக்செல் அட்டவணைக்குள் போகிறது. அங்கே 'எஸ்இபிடி2' என்ற மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். 'எம்ஏஆர்சிஎச்1' மார்ச் 1 ஆகிவிடும். இந்தச் சிக்கல் 2004இலேயே ஆய்விதழில் சுட்டப்பட்டது. 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்னணி மரபணு இதழ்களின் கட்டுரைகளை ஆராய்ந்தபோது, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் விட்டுக்கொடுத்தது மரபணுதான். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறையில் இத்தகைய பெயர்களை மாற்றியது: எஸ்இபிடி1 என்பது செப்டின்1 ஆனது, எம்ஏஆர்சிஎச்1 என்பது எம்ஏஆர்சிஎச்எஃப்1 ஆனது. தானாக மாற்றுவதை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் கொடுத்தது.

பயனர்களைத் திட்டுவதால் இது தீராது. எக்செலைப் பயன்படுத்தாதீர்கள் என்று பல ஆண்டுகள் எழுதியும் எவரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த, கைக்கு எட்டிய கருவி அது. இதே உண்மையிலிருந்து வேறு வழியில் புறப்பட்டது கேலக்ஸி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய இந்தத் தளம், கட்டளை வரியை அறியாத உயிரியலாளரும் உலாவியிலேயே தரவை ஏற்றி, கருவிகளை வரிசையாக இணைத்து ஓட்ட உதவுகிறது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு என்று ஒவ்வோர் அடியையும் அதுவே பதிந்துவைக்கிறது. ஆய்வாளரிடம் குறிப்பேடு எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

எழுத்தில் ஓர் இடம் தள்ளிப்போனால்

கோப்பு வடிவங்களும் எண்ணும் முறைகளும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பானவை. ஆனால் இந்தத் துறையில் பெரும் உழைப்பை விழுங்குபவை அவையே. குரோமோசோமின் முதல் எழுத்தை 1 என்று எண்ணும் வடிவங்கள் உண்டு. 0 என்று எண்ணும் வடிவங்களும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கவனம் தப்பினால் எல்லா இடங்களும் ஓர் எழுத்து தள்ளிப்போகும். நோயாளியின் மாற்றம் பக்கத்து எழுத்தில் இருப்பதாகக் காட்டும். வாசிப்பின் தரத்தைக் குறிக்கும் எண்களை டிஎன்ஏ வாசிக்கும் இல்லுமினா இயந்திரங்கள் சில காலம் ஒரு குறியீட்டு முறையிலும், 2011 முதல் வேறொரு முறையிலும் எழுதின. கோப்பைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

புரதத் தரவு வங்கியின் கதை இன்னும் நீளமானது. 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஏழே அமைப்புகளோடு அது தொடங்கியது. அன்றைய துளையட்டையில் ஒரு வரிக்கு 80 இடம். கோப்பு வடிவமும் அதற்கு ஏற்றபடி 80 இடங்களில் அமைந்தது. அணுவின் வரிசை எண்ணுக்கு ஐந்து இடம் ஒதுக்கினார்கள். அதனால் ஒரு கோப்பில் 99,999க்கு மேல் அணுக்கள் இருக்க முடியாது. சங்கிலியின் பெயருக்கு ஒரே ஓர் எழுத்து. ரைபோசோம்போன்ற பெரும் அமைப்புகள் வந்தபோது இந்த எல்லை முட்டியது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்த ரைபோசோமின் அமைப்பைப் பல பதிவுகளாக உடைத்துத்தான் சேமிக்க முடிந்தது. மாற்று வடிவம் 1990களிலேயே தயாராகிவிட்டது. ஆனால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் பழைய வடிவத்தை வாசித்துக்கொண்டிருந்ததால், படிகவியல் அமைப்புகளைப் புதிய வடிவத்தில்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்று கட்டாயமாக்க 2019 ஆயிற்று. துளையட்டை மறைந்த பின்னும் அதன் அகலம் பல பத்தாண்டுகள் ஆண்டது.

முன்மாதிரி மரபணுத் தொகுதியிலும் இதே இழுபறி. மனித மரபணுத் தொகுதியின் 37ஆம் பதிப்பு 2009இலும், அதைவிடத் துல்லியமான 38ஆம் பதிப்பு 2013இலும் வந்தன. பல மருத்துவ ஆய்வகங்கள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் 37இலேயே இருந்தன. அது சோம்பல் இல்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முடிவுகள் பழைய இட எண்களில் பதிவாகியிருந்தன. சோதனை முறை முழுவதையும் மறுபடி சரிபார்த்துச் சான்று பெற வேண்டும். பழைய முடிவைப் புதியதோடு ஒப்பிடும்போது ஏதாவது மாறினால் மருத்துவரிடம் விளக்க வேண்டும். விடுபட்டிருந்த சுமார் 8 விழுக்காட்டையும் நிரப்பிய முழுமையான தொகுதி 2022இல் வெளியானது. அதற்கு மாறுவதிலும் இதே தயக்கம் இருக்கிறது. புதியதைக் கொடுத்துக்கொண்டே பழையதைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது செலவு பிடித்த வேலை. அதைத் தவிர்க்க வழியில்லை.

பதிப்புகளை ஒழுங்கோடு நடத்துவதில் பயோகண்டக்டரைப் பாராட்ட வேண்டும். ஆர் மொழியில் எழுதப்பட்ட உயிரியல் தொகுப்புகளின் களஞ்சியம் அது, 2001இல் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு முறை, எல்லாத் தொகுப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சோதித்து ஒரே பதிப்பாக வெளியிடுகிறார்கள். பராமரிப்பாளர் கைவிட்டு, சோதனையில் தோற்கும் தொகுப்பை முதலில் எச்சரித்து, அடுத்து நீக்குகிறார்கள். கண்டிப்பானதுதான், ஆனால் ஓடாத நிரலை அலமாரியில் வைத்திருப்பதைவிட நேர்மையானது. மருந்து நிறுவனங்களில் இந்தக் கண்டிப்பு சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 1997ஆம் ஆண்டு விதி, மின்னணுப் பதிவை யார், எப்போது, எப்படி மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்கிறது.

பணம் யார் தருவது?

புதிய மென்பொருள் எழுத நிதி கிடைக்கும். பழையதைக் காப்பாற்றக் கிடைப்பது அரிது. ஆய்வு நிதி பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. கட்டுரை வெளியானதும் திட்டம் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. எழுதிய மாணவர் பட்டம் வாங்கி வேறு ஊருக்குப் போய்விடுகிறார். மின்னஞ்சலில் வரும் பிழை அறிக்கைகளைப் பார்க்க ஆளில்லை.

புரத வரிசைகளை வல்லுநர்கள் கையால் சரிபார்த்துத் தொகுக்கும் சுவிஸ்-புரோட், 1986இல் ஜெனீவாவில் அமோஸ் பைரோக் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில் நிதி வற்றி, மூடும் நிலைக்கு வந்தது. அவர் 1996இல் வெளிப்படையாக முறையிட்டபோது உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் ஆதரவு எழுதினார்கள். அந்த நெருக்கடியே 1998இல் சுவிஸ் உயிர்தகவலியல் நிறுவனம் பிறக்கக் காரணமாயிற்று. சுவிஸ்-புரோட் இன்று யூனிபுரோட் தரவுத்தளத்தின் பகுதியாக வாழ்கிறது. எல்லாருக்கும் அந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. தாவர ஆய்வாளர்கள் அனைவரும் நம்பியிருந்த, அராபிடாப்சிஸ் என்ற செடியின் தரவுத்தளமான டேருக்கு அமெரிக்க அரசின் நிதி 2013இல் நின்றது. அதை நடத்தியவர்கள் லாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பல்கலைக்கழகங்களிடம் சந்தா வாங்க ஆரம்பித்தார்கள். தளம் பிழைத்தது, திறந்த கதவு பாதி மூடியது.

பிராட் நிறுவனத்தின் ஜிஏடிகே எதிர்த்திசையில் நடந்தது. மரபணு மாற்றங்களைக் கண்டறிவதில் உலகெங்கும் பரவிய அந்த மென்பொருளுக்குச் சில ஆண்டுகள் வணிக நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்கினார்கள். 2018இல் வந்த நான்காம் பதிப்பை முழுவதும் திறந்த மூலமாக்கினார்கள். பராமரிப்புக்கென்றே நிதி தரும் திட்டங்களும் தாமதமாகவேனும் வந்திருக்கின்றன; சான் சக்கர்பெர்க் அமைப்பு 2019இல் தொடங்கிய திட்டம் அவற்றில் ஒன்று. பிரிட்டனில் 2012 முதல் 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்ற பதவிப் பெயர் வழக்கில் வந்ததும் இதே தேவையால். கட்டுரை எண்ணிக்கையால் மட்டுமே மதிப்பிடும் பல்கலைக்கழகத்தில் பிறருடைய நிரலைச் செப்பனிடுபவருக்கு வளர வழியே இல்லாதிருந்தது. அந்த அநீதி பல நல்ல கருவிகளைக் கொன்றிருக்கிறது.

நிறுத்துவதும் வேலைதான்

மேலாண்மையில் மிகக் கடினமான முடிவு கடைசி முடிவு. மரபணுக்கள் எந்த அளவில் செயல்படுகின்றன என்று அறிய ஆர்என்ஏ துண்டுகளைப் பொருத்தும் டாப்ஹேட் என்ற மென்பொருள் 2009இல் வந்தது; துறையையே ஆட்கொண்டது. அதே ஆய்வகத்திலிருந்து 2015இல் வேகமும் துல்லியமும் மிகுந்த ஹைசாட் வெளியானது. டாப்ஹேட்டின் பராமரிப்பு குறைக்கப்படுகிறது, ஹைசாட்டின் இரண்டாம் பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று 2016இல் அதன் முகப்புப் பக்கத்திலேயே எழுதிவைத்தார்கள். டாப்ஹேட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான லியோர் பாக்டர், தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2017இல் ட்விட்டரில் கேட்டுக்கொண்டார்.

ஆனாலும் டாப்ஹேட்டைப் பயன்படுத்திய கட்டுரைகள் தொடர்ந்து வந்தன. ஒரு காரணம், ஆய்வகங்களில் மூத்த மாணவரிடமிருந்து இளைய மாணவருக்குக் கைமாறும் நிரல் கோப்பு. அதில் டாப்ஹேட் என்று எழுதியிருந்தால் அடுத்தவரும் அதையே ஓட்டுவார். இன்னொரு காரணம், ஐந்து ஆண்டுத் திட்டத்தின் நடுவில் கருவியை மாற்றினால் முதல் பாதியின் தரவு முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டியிருப்பது. முகப்புப் பக்கத்து அறிவிப்பு இவர்களை எட்டுவதில்லை, ஏனென்றால் ஒருமுறை நிறுவிய பின் முகப்புப் பக்கத்துக்கு எவரும் திரும்பிப் போவதில்லை. மென்பொருள் ஓடும்போதே திரையில் எச்சரிக்கை காட்டுவது, புதியதற்கு மாற்றித் தரும் நிரலைக் கூடவே கொடுப்பது, இரண்டின் விடைகளும் எங்கே வேறுபடும் என்று வெளியிடுவது ஆகியவை ஓரளவு பயன் தருகின்றன. பிளாஸ்ட் 2009இல் புதிதாக எழுதப்பட்டபோது, பழைய கட்டளைகளைப் புதிய கட்டளைகளாக மாற்றித் தரும் சிறு நிரல் ஒன்றையும் என்சிபிஐ சேர்த்தே கொடுத்தது. பழைய நிரல் கோப்புகளை வைத்திருந்த ஆய்வகங்கள் அதைக் கொண்டு ஒவ்வொன்றாகப் புதிய பிளாஸ்டுக்கு மாற முடிந்தது.